ஐசியூ வாசலில் கேட்கும் கேள்விகள்: சி.ஆர்.பி., புரோகால்சிடோனின், இன்னும் சில எண்கள்

பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு மருத்துவமனை லேபில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது அல்சூர், வீட்டில் தமிழ். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஐசியூவுக்கு ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் நிறைய. டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஏதோ சொல்லிவிட்டுப் போவார். "ஸ்வல்ப ஜாஸ்தி இதெ" (கொஞ்சம் அதிகமாக இருக்கிறது) என்பதில் ஜாஸ்தி மட்டும் நம் ஆட்களுக்குப் புரியும், அது போதும் கலங்குவதற்கு. உடனே நர்ஸ் எனக்கு போன் போட்டு, கீழே வந்து தமிழில் சொல்லச் சொல்வார்.

இப்படிப் போய் நின்று பல வருடமாகக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். பதில்களை எங்கள் ஐசியூ டாக்டர் ஒருவர் படித்துத் திருத்தினார். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து வேண்டும், வேண்டாம் என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"சி.ஆர்.பி., பி.சி.டி.னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே, அதெல்லாம் என்ன தம்பி?"

உடம்பில் கிருமி புகுந்தாலோ, அடிபட்டாலோ, எங்காவது சதை அழிந்தாலோ ரத்தத்தில் சில பொருட்கள் கூடும். இதைத்தான் அழற்சி என்கிறோம், அந்தப் பொருட்கள் அழற்சியின் அடையாளங்கள். நடுராத்திரியில் தெரு நாய்கள் குரைத்தால் வெளியே ஏதோ நடக்கிறது என்று தெரியும். வந்தது திருடனா, பக்கத்து வீட்டுக்காரர் லேட்டாக வருகிறாரா என்பதை நாய் சொல்லாது. இந்த எண்களும் அந்த மாதிரிதான்.

சி.ஆர்.பி. என்பது சி-ரியாக்டிவ் புரோட்டீன், ஈரல் செய்கிற ஒரு புரதம். 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் சி என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் இந்தப் பெயர். அழற்சி தொடங்கி 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். பி.சி.டி. என்பது புரோகால்சிடோனின். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, கீழே வருகிறது.

"நார்மல் 5-னு போட்டிருக்கு. எங்க அப்பாவுக்கு 212. பொழைப்பாரா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலைக் கேட்டு யாரும் திருப்தியாகப் போனதும் இல்லை. 212 என்றால் உடம்பில் பெரிய சண்டை நடக்கிறது என்று அர்த்தம். யார் ஜெயிப்பார் என்று அதில் எழுதியிருக்காது. சாதாரண பாக்டீரியா நிமோனியாவில் 200, 300 தொட்டுவிட்டு பத்தாம் நாள் இட்லி கேட்டவர்கள் உண்டு. 40-ல் இருந்தவர் திரும்பாமல் போனதும் உண்டு.

நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களில் இறந்தவர்கள் கொஞ்சம் அதிகம் இருப்பார்கள், அது உண்மை. ஆனால் நீங்கள் கேட்பது நூறு பேரைப் பற்றி இல்லை, ஒரு அப்பாவைப் பற்றி. அவருக்கு வயது என்ன, சர்க்கரை இருக்கிறதா, கிட்னி எப்படி, பிரஷர் மருந்தில்லாமல் நிற்கிறதா, எந்த இடத்தில் கிருமி என்பதெல்லாம் 212-ஐ விடக் கனமான விஷயங்கள்.

"நேத்து வெளி லேப்ல 19, இன்னிக்கு உங்க லேப்ல 188. ஒரே நாள்ல பத்து மடங்கா?"

ஒரு அம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் மடியில் விரித்து வைத்து, இரண்டு எண்களையும் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்கு முந்தின நாள் 19.2, எங்களிடம் 188. "ஒரு ராத்திரில என்ன பண்ணீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தவறு எண்ணில் இல்லை, அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த அலகில்.

சில லேப்கள் சி.ஆர்.பி.யை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன, சில லேப்கள் ஒரு லிட்டருக்கு. டெசிலிட்டர் என்றால் 100 மில்லி. அதனால் அந்த 19.2-ஐ எங்கள் கணக்குக்கு மாற்றினால் 192. பையனுக்கு உண்மையில் 192-லிருந்து 188-க்கு இறங்கியிருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் வெறும் எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்பாமல், முழு ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

அதே மாதிரி, "எச்.எஸ். சி.ஆர்.பி." என்று ஒன்று உண்டு. அது இதய நோய் வரும் அபாயத்தைப் பார்க்க, ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவிலேயே நுணுக்கமாக அளக்கிற சோதனை. ஐசியூ விவகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"தெனமும் ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்கீங்களே, ஒரு தடவை பார்த்தா போதாதா?"

போதாது. ஒரு நாள் எண் ஒரு புள்ளி. மூன்று நாள் எண்கள் வந்தால்தான் கோடு. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். ஈரல் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒரு நாளைக்குள் பாதிக்கும் கீழே வந்துவிட வேண்டும். அப்படி இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால், எங்கோ இன்னும் எரிகிறது என்று டாக்டருக்குச் சந்தேகம் வரும். சீழ் எங்காவது தேங்கியிருக்கிறதா, கொடுத்த ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிக்குப் பொருந்தவில்லையா என்று தேடுவார்கள். இந்தச் சோதனையின் நிஜமான பயன் அங்கேதான்.

ரத்தம் போகிறதே என்ற கவலையும் சரியானதுதான். ஊதா மூடி ட்யூப், மஞ்சள் மூடி ட்யூப், நீல மூடி ட்யூப், போதாததற்குக் காற்று அளவு பார்க்கும் ஊசி என்று தினமும் எடுத்தால், இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்குவது எல்லா ஐசியூவிலும் நடக்கிறது. ஒரு உள் விஷயம் சொல்கிறேன்: சி.ஆர்.பி.க்கென்று தனியாக ரத்தம் எடுப்பதில்லை. கிட்னியைப் பார்க்கும் கிரியாட்டினின் சோதனைக்காக எடுத்த மஞ்சள் மூடி ட்யூபிலேயே ஓட்டிவிடுவோம். அதை வேண்டாம் என்றால் மிச்சம் பணம்தான். தினமும் தேவையா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெரும்பாலும்.

"புரோகால்சிடோனின்தான் கரெக்ட்டா சொல்லும்னு ஒருத்தர் சொன்னார். ஆனா ரேட்டு ஜாஸ்தியா இருக்கே?"

சி.ஆர்.பி.யைப் போலப் பல மடங்கு விலை, உண்மைதான். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் சில செல்கள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்யும் வழியில் உண்டாகிற பொருள் இது. நல்ல உடம்பில் ரத்தத்தில் அநேகமாக இருக்கவே இருக்காது, ஒரு மில்லியில் 0.1 நானோகிராமுக்கும் கீழே. பாக்டீரியா ரத்தத்தில் பரவி உடம்பு தடுமாறும்போது, தைராய்டு மட்டுமில்லாமல் ஈரல், நுரையீரல், கொழுப்பு என்று பல இடங்களிலும் இது உற்பத்தியாகிறது. 1993-ல் பிரான்சில் அசிகோ குழுவினர் இதைக் குழந்தைகளிடம் பார்த்து எழுதினார்கள். அன்றிலிருந்துதான் இதற்கு மவுசு.

சி.ஆர்.பி.யை விட இதில் இரண்டு லாபம். சீக்கிரம் ஏறும், சில மணி நேரத்திலேயே. அப்புறம், வைரஸ் காய்ச்சலில் பொதுவாக அவ்வளவு ஏறாது, பாக்டீரியாவில் ஏறும். 0.5-க்குக் கீழே என்றால் பெரிய பாக்டீரியா தாக்குதலுக்கு வாய்ப்புக் குறைவு. 2, 10, 50 என்று போகப் போகச் சந்தேகம் பலப்படும்.

ஆனால் "கரெக்ட்டா சொல்லும்" என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய விபத்து, தீக்காயம், இதயம் நின்று மீண்டது, கிட்னி ஓய்ந்தது, மலேரியா என்று கிருமி ரத்தத்தில் இல்லாமலேயோ பாக்டீரியா இல்லாமலேயோ இது ஏறும் இடங்கள் பல. தைராய்டில் ஒருவகைப் புற்றுநோய் இருந்தாலும் காரணமில்லாமல் உயரத்தில் நிற்கும். மறுபக்கம், ஒரே இடத்தில் மூடிக்கொண்ட சீழ்க்கட்டியில் ஏறாமலும் இருக்கும்.

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே சி.ஆர்.பி. 140. தையல்ல சீழ் வெச்சிருச்சா?"

கத்தி பட்டாலே சி.ஆர்.பி. ஏறும். வயிற்று ஆபரேஷன் என்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கும். மறுநாள் 140 என்பது அந்தப் பயணத்தின் பாதி வழி. மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்காமலோ, இறங்கி மறுபடி ஏறினாலோதான் சர்ஜன் முகம் மாறும். குடலைத் தைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள்.

"உடம்பு சில்லுனு இருக்கு, காய்ச்சலே இல்ல. இன்ஃபெக்‌ஷன்னு எப்படிச் சொல்றீங்க?"

வயதானவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும், டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் கிருமி தாக்கினாலும் காய்ச்சல் வராமல் போகலாம். உடம்பு குளிர்ந்து போவது காய்ச்சலை விட மோசமான அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளப்படும். இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் ரத்தச் சோதனை உண்மையில் கைகொடுக்கிறது.

"சி.ஆர்.பி. 30-க்கு வந்துருச்சு. அப்புறம் ஏன் இன்னும் வென்டிலேட்டர்ல வெச்சிருக்காங்க?"

தீ அணைந்துவிட்டது, வீடு இன்னும் கரியாகத்தான் இருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்திருப்பது வடிய வேண்டும், பத்து நாள் படுத்துப் படுத்து மெலிந்த மூச்சுத் தசைகளுக்கு மறுபடி பலம் வர வேண்டும். சில நேரம் கிட்னி திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இந்த எதையும் சி.ஆர்.பி. அளப்பதில்லை.

வென்டிலேட்டரிலிருந்து எடுப்பதை முடிவு செய்வது வேறு அளவுகள்: எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது, தானாக மூச்சு இழுக்கிறாரா, இருமிச் சளியை வெளியே தள்ள முடிகிறதா, சொன்னால் கண்ணைத் திறக்கிறாரா. பார்வை நேரத்தில் உள்ளே போகும்போது எண்ணைக் கேட்பதை விட இதைக் கேளுங்கள்.

"சி.ஆர்.பி. கம்மியாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப சீரியஸ்ங்கிறாங்க. பில்லு ஏத்தப் பார்க்கிறாங்களா?"

பில் சந்தேகம் எனக்கும் புரிகிறது, நானும் மாமனாருக்கு இன்னொரு மருத்துவமனையில் அட்டெண்டராக உட்கார்ந்தவன். ஆனால் எண் குறைவாக இருந்தும் ஆள் ஆபத்தில் இருப்பது நிஜமாகவே நடக்கும். முதல் கேள்வியில் சொன்னேன், சி.ஆர்.பி.யைச் செய்வது ஈரல் என்று. குடியால் ஈரல் சுருங்கியவருக்கு எவ்வளவு பெரிய கிருமி தாக்கினாலும் தொழிற்சாலையே தளர்ந்துவிட்டதால் எண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம். அங்கே குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்வது ஆபத்து.

அடுத்து டெங்கு. மழைக்காலம் வந்தால் பெங்களூரில் வார்டு நிரம்பிவிடும். டெங்குவில் சி.ஆர்.பி. பல நேரம் அடக்கமாகவே இருக்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழுவதுதான் அங்கே ஆபத்து. அதற்குப் பார்க்க வேண்டியது ஹெமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பிளேட்லெட்டும் சிறுநீர் அளவும்.

மூன்றாவது, மருந்து. 2021 கொரோனா அலையில் டோசிலிசுமாப் ஊசிக்கு எல்லோரும் அலைந்தது நினைவிருக்கும். இங்கிலாந்தில் நடந்த ரிகவரி ஆய்வில் அந்த மருந்துக்கு ஆள் சேர்த்த விதியிலேயே சி.ஆர்.பி. 75-க்குக் குறையக் கூடாது என்பது ஒன்று. ஆனால் ஊசி போட்ட பிறகு கதை வேறு. ஈரலுக்கு "சி.ஆர்.பி. செய்" என்று உத்தரவு கொண்டுபோகிற ஐ.எல்.-6 என்ற தூதனையே அது தடுத்துவிடும். சி.ஆர்.பி. சடசடவென்று விழும், நோயாளி தேறினாலும் தேறாவிட்டாலும். அந்த நாட்களில் எங்கள் லேபிலிருந்து போன அழகான எண்களைப் பார்த்து நம்பிக்கை வைத்த குடும்பங்களை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

"என்.எல்.ஆர்.னு யூடியூப்ல பார்த்தேன். சி.பி.சி. ரிப்போர்ட்ட வெச்சு நாமளே கணக்குப் போடலாமாமே?"

போடலாம், மூன்றாம் வகுப்புக் கணக்குதான். சி.பி.சி. என்கிற ரத்த அணுக்கள் ரிப்போர்ட்டில், வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் எத்தனை சதவீதம் என்று பார்த்து முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 86-ம் 7-ம் என்றால் 12-க்கு மேல். நன்றாக இருப்பவருக்குப் பொதுவாக 1 முதல் 3 வரை. கடுமையான நோயில் நியூட்ரோஃபில் பெருகும், லிம்ஃபோசைட் குறையும், அதனால் விகிதம் எகிறும். ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஸாஹோரெட்ஸ் என்ற டாக்டர் 2001-ல் ஐசியூ நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். கூடுதல் செலவில்லாத சோதனை என்பதால் எல்லா நாட்டிலும் பிடித்துக்கொண்டார்கள்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்றே ஒன்று போட்டாலும் இந்த விகிதம் ஏறிவிடும். ஆபரேஷன், வலி, பதற்றம் எல்லாவற்றுக்கும் ஏறும். அதனால் நீங்கள் கால்குலேட்டரில் 12 என்று கண்டுபிடித்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. டாக்டருக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை இன்னொரு விதத்தில் சொல்கிறது, அவ்வளவுதான்.

"ஃபெரிட்டின் 14,000. ஒடம்புல இரும்புச்சத்து அவ்வளவு அதிகமாயிருச்சா? முருங்கைக்கீரை நிறுத்தணுமா?"

கீரையை நிறுத்த வேண்டாம். ஃபெரிட்டின் இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம்தான், ஆனால் அழற்சியிலும் எகிறும், ஈரல் செல்கள் உடைந்தாலும் கொட்டும். ஐசியூவில் ஆயிரம், இரண்டாயிரம் என்பது தினசரிக் காட்சி.

பதினாயிரத்தைத் தாண்டினால் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் குறிப்பாகத் தேடுவார்கள். நம் எதிர்ப்பு செல்களே கட்டுக்கடங்காமல் போய் ரத்த அணுக்களைத் தின்னத் தொடங்குகிற ஒரு நிலை உண்டு. டெங்குவும், புதர் பூச்சி கடித்து வருகிற ஸ்கிரப் டைஃபஸும் நம் பக்கத்தில் அதைத் தூண்டிவிடும். அப்படியென்று தெரிந்தால் சிகிச்சையின் திசையே மாறும். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் டாக்டரை ராத்திரி 2 மணிக்கு எழுப்பும் என்றால் அது இதுதான். ஆனாலும் ஈரல் கெட்டவர்களுக்கும், கிட்னி ஓய்ந்தவர்களுக்கும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இது வேறு காரணத்தால் ஏறும். ஃபெரிட்டினை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

"லாக்டேட்டும் இந்த வகைதானா?"

இல்லை. எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வதால் குழப்பம். லாக்டேட் அழற்சியை அளப்பதில்லை. செல்கள் தவிக்கின்றனவா, உடம்பு அவசர கதியில் ஓடுகிறதா என்று காட்டுகிறது. ஆனால் வரப்போவதைச் சொல்வதில் இந்தக் கூட்டத்தில் எதையும் விட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். 2016-ல் வந்த செப்சிஸ் (கிருமி தாக்கி உறுப்புகளே தடுமாறுவது) வரையறையில், அதன் கடுமையான நிலையான செப்டிக் ஷாக் என்று சொல்ல, பிரஷரைத் தாங்கப் பிடிக்க மருந்து ஓட வேண்டும், கூடவே லாக்டேட் 2-க்கு மேல் இருக்க வேண்டும். சி.ஆர்.பி.யும் பி.சி.டி.யும் அந்த வரையறையில் இல்லவே இல்லை.

லேப்காரனாக ஒரு புலம்பல்: லாக்டேட் ரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால், ட்யூபுக்குள் இருக்கும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அட்ரினலின் ஓடினாலும், மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் நிறைய வைத்தாலும் ஏறும். விலையில்லாத மாற்றும் உண்டு. விரல் நுனியைப் பத்து வினாடி அழுத்திவிட்டு, ரத்தம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பது. 2019-ல் தென்னமெரிக்க நாடுகளில் நடந்த ஒரு ஆய்வில், லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை தந்ததை விட விரலைப் பார்த்துத் தந்தது மோசமாகப் போகவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஸ்கோர் போட்டு 40 சதவீதம்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்?"

அபாச்சி-2 என்று 1985-ல் வந்த ஒரு கணக்கு உண்டு, 0 முதல் 71 வரை. சோஃபா என்று 1996-ல் வந்தது இன்னொன்று. மூச்சு, ரத்தம் உறைதல், ஈரல், பிரஷர், மூளை, கிட்னி என்ற ஆறுக்கும் தலா 4 மதிப்பெண், மொத்தம் 24. இந்தப் பரீட்சையில் மதிப்பெண் கூடினால் கெடுதல். கவனியுங்கள், இந்த இரண்டிலுமே சி.ஆர்.பி. கிடையாது. ஐசியூவில் வரப்போவதைச் சொல்ல உலகம் முழுக்கப் பயன்படுகிற கணக்குகள், உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்றுதான் கேட்கின்றன.

40 சதவீதம் என்றால், இதே மாதிரி நிலையில் வந்த நூறு பேரில் சுமார் 40 பேர் இறந்தார்கள் என்று பொருள். உங்கள் ஆள் அந்த 40-லா, 60-லா என்று அதற்குத் தெரியாது. "60 சதவீதம் பிழைப்பார்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் வேறு மாதிரி வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இரண்டும் ஒரே கணக்குதான்.

"நெட்டுல ஒரு ஆராய்ச்சில சி.ஆர்.பி. 100 தாண்டினா ஆபத்துனு இருக்கு, இன்னொண்ணுல 160. எதை நம்பறது?"

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மருத்துவமனையின் பழைய ஃபைல்களை எடுத்து, இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் எந்த எண்ணில் வெட்டினால் நன்றாகப் பிரிகிறது என்று தேடிக் கண்டுபிடித்த எல்லை அது. வெட்டியதும் அதே ஆட்களிடம், சோதித்ததும் அதே ஆட்களிடம். அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் எல்லை மாறிவிடும். இந்த வகைக் கட்டுரைகள் மலை மாதிரி குவிந்திருக்கின்றன.

அந்தக் கட்டுரைகளில் 0.7, 0.8 என்று ஒரு எண்ணைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். இறந்த ஒருவர், பிழைத்த ஒருவர், இருவரின் ரிப்போர்ட்டையும் பெயர் மறைத்து என்னிடம் தருகிறீர்கள். சி.ஆர்.பி. கூடியவர்தான் இறந்தவர் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். 0.5 என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். 0.7 என்றால் பத்து ஜோடியில் ஏழு சரி, மூன்று குடும்பத்துக்குத் தலைகீழாகச் சொல்லியிருப்பேன்.

"பி.சி.டி. எறங்கினா நல்லது, எறங்காட்டி கெட்டது. அதாவது சரிதானே?"

பாதி சரி. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2017-ல் வெளியிட்ட மோசஸ் என்ற ஆய்வில், கடும் செப்சிஸ் நோயாளிகளுக்கு முதல் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பி.சி.டி. 80 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இறங்கியவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 10 சதவீதம், இறங்காதவர்களில் 20 சதவீதம். இரண்டு மடங்கு, பெரிய வித்தியாசம்தான்.

இதையே திருப்பிப் படியுங்கள். எண் இறங்காதவர்களிலும் நூற்றுக்கு 80 பேர் பிழைத்திருக்கிறார்கள். "பி.சி.டி. இறங்கவில்லை" என்று கேட்டதும் காரிடாரில் உட்கார்ந்து அழுகிறவர்களிடம் நான் சொல்வது இந்த 80-ஐத்தான்.

"அப்ப நம்பர் கொறஞ்சதும் ஆன்டிபயாடிக்க நிறுத்தச் சொல்லலாமா? கிட்னி கெடுதுங்கிறாங்களே."

நிறுத்துவது டாக்டர் வேலை. ஆனால் பி.சி.டி. உருப்படியாக உதவுகிற ஒரு இடம் இதுதான். நெதர்லாந்தில் 1,575 ஐசியூ நோயாளிகளிடம் செய்த ஒரு ஆய்வு 2016-ல் வந்தது. உச்சியிலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, 0.5-க்கு வந்தாலோ நிறுத்தலாம் என்று டாக்டர்களுக்கு யோசனை சொன்னார்கள். ஆன்டிபயாடிக் நாட்கள் 7-லிருந்து 5-ஆகக் குறைந்தன, இறப்பும் கூடவில்லை, குறைந்தே இருந்தது. 2024-ல் இங்கிலாந்தில் 2,760 பேரிடம் செய்த ஆய்வில் பி.சி.டி.யைத் தினமும் பார்த்ததால் சுமார் ஒரு நாள் மிச்சமானது. சி.ஆர்.பி.யைப் பார்த்ததால் எதுவும் மிச்சமாகவில்லை.

தொடங்குவதற்கு மட்டும் இதை நம்பக் கூடாது. செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 உலக வழிகாட்டுதலே, ஆன்டிபயாடிக் தொடங்கலாமா என்பதைப் பி.சி.டி. பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்கிறது. செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். லேப் ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்திருக்க நேரமில்லை, எங்கள் லேப் என்றாலும்.

"தம்பி, இதெல்லாம் விடு. துபாய்ல என் மகன் இருக்கான். டிக்கெட் போடச் சொல்லவா வேணாமா?"

இவ்வளவு கேள்விக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. சி.ஆர்.பி. எத்தனை என்று கேட்கிறவர்களில் நிறையப் பேர் கேட்க நினைப்பது இதை.

டாக்டரிடம் கேளுங்கள்: பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற மருந்தின் வேகம் நேற்றை விடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா? ஆக்சிஜன் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது? சிறுநீர் போகிறதா? அடுத்த இரண்டு நாளில் எது நடந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள்? இதற்கு வரும் பதில் எங்கள் லேப் தருகிற எதையும் விடத் தெளிவாக இருக்கும். மொழி தடுத்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டிக்கெட்டைப் பற்றி: டாக்டர் சீரியஸ் என்று வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு சி.ஆர்.பி. என்ன வருகிறது பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள், போடச் சொல்லிவிடுங்கள். அவர் வந்து இறங்கும்போது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தால் டிக்கெட் காசுதான் நஷ்டம். எங்கள் ஐசியூவில் பார்வை நேரம் மாலை 5 முதல் 5:30 வரை. காலையில் இறங்குகிற விமானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். தேவனஹள்ளி ஏர்போர்ட்டிலிருந்து ஓசூர் ரோட்டுக்கு வர இரண்டு மணி நேரம் பிடிக்கும், சில்க் போர்டில் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேலே.